ஆறு சனிக்கிழமை போயும் ஒரு பாஸ் மீன்கூட மாட்டலை: டெக்சாஸ் பக்கம் தூண்டில் போடுறவங்க சொல்லுங்க

வைகைக்கரையான் | மார்ச் 9

எல்லோருக்கும் வணக்கம். டல்லாஸுக்கு வடக்கே, டென்டன் பக்கம் இருக்கிறேன். சொந்த ஊர் மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கண்மாயில் மண்புழு கோத்து, மயில் இறகுத் தண்டைத் தக்கையாகக் கட்டி, கெண்டையும் ஜிலேபியும் கெளுத்தியும் பிடித்து வளர்ந்தவன். தூண்டில் எனக்குப் புதிது இல்லை.

என் மகனுக்கு ஒன்பது வயது. பள்ளியில் கூடப் படிக்கும் பையன் ஒரு பெரிய லார்ஜ்மவுத் பாஸைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தைக் காட்டினானாம். அன்றிலிருந்து இவனும் கேட்டுக்கொண்டே இருந்தான். ஜனவரிக் கடைசியில் ஒரு கடைக்குப் போனோம். அங்கே நின்றவர் "பாஸுக்கு இதுதான்" என்று பெயிட்காஸ்டர் ரீல் (தூண்டில் நரம்பு சுற்றும் உருளை), கனமான ராட் (தூண்டில் கம்பு), பெரிய கிராங்க்பெயிட் (பிளாஸ்டிக் மீன்) நாலு என்று எடுத்துக் கொடுத்தார். வீசினால் இரண்டுக்கு ஒரு முறை ரீலில் நரம்பு குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொள்கிறது. பையன் வீசவே முடியவில்லை.

லூயிஸ்வில் ஏரிக்கரையில் ஒரு பூங்காவில் ஆறு சனிக்கிழமை, காலை பத்திலிருந்து ஒரு மணி வரை. ஒரு கடிகூட இல்லை. போன வாரம் எங்களுக்கு இருநூறு அடி தள்ளி ஒரு பெரியவர் வந்தார், அரை மணி நேரத்தில் இரண்டு பிடித்தார், போய்விட்டார். இன்று காலை மகன், "நீங்க மட்டும் போயிட்டு வாங்கப்பா" என்றான். அதுதான் இங்கே எழுத வைத்தது. என்ன தப்பு செய்கிறேன்?


ஏரிக்கரை | மார்ச் 9

தம்பி, பதில் சொல்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி.

தண்ணி என்ன நிறம்? காத்து உங்க முகத்துக்கு அடிச்சதா, முதுகுக்கா? நீங்க நின்ன இடத்துல தண்ணிக்குள்ள என்ன இருக்கு?


வைகைக்கரையான் | மார்ச் 9

தண்ணீர் பால் குறைந்த டீ மாதிரி. காற்று முகத்தில் அடித்தது, வீச முடியாமல் எதிர்ப்பக்கம் மாறிப் போனோம் அண்ணே. தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. புல்தரை, பெஞ்சு, வழவழப்பான மணல் கரை. பையனுக்கு வசதியாக இருக்குமே என்று அங்கே நின்றோம்.


ஏரிக்கரை | மார்ச் 9

உங்க மூணாவது பதில்லதான் ஆறு சனிக்கிழமையும் போயிருக்கு.

நம்ம ஊர்ல மண்புழுவைப் போட்டா வாசனை தண்ணில பரவும், கெண்டை கூட்டமா மேஞ்சுக்கிட்டே வரும். நாம உட்கார்ந்திருப்போம், மீன் நம்மளத் தேடி வரும். பாஸ் அப்படி மேயுற மீன் இல்ல. அது மறைஞ்சு நின்னு பாயுற மீன். விழுந்த மரம், பாறை, படகுத்துறையோட கால், பாசி முடியுற ஓரம், தரை திடீர்னு இறங்குற விளிம்பு, இப்படி ஏதாவது ஒண்ணை ஒட்டித்தான் நிக்கும். வழவழன்னு மணல் கரைன்னா அதுக்கு அங்க ஒளிய இடமே இல்ல. அதனால பாஸை நாமதான் தேடிப் போகணும். ஊர்ல கத்துக்கிட்டதுல நீங்க மாத்த வேண்டியது இது ஒண்ணுதான்னு நினைக்கிறேன். மத்த பொறுமையெல்லாம் உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு.

காத்து விஷயமும் அப்படித்தான். காத்து தண்ணியில இருக்கிற நுண்ணுயிர்களை ஒரு கரைக்குத் தள்ளும். அதைத் தின்ன ஷாட்னு சின்ன மீன் கூட்டம் வரும், அதைத் தின்ன பாஸ் வரும். முகத்துல காத்து அடிச்ச கரையில மீன் இருந்திருக்கும், நீங்க அதை விட்டுட்டு அந்தப் பக்கம் போயிட்டீங்க. அதுலயும் மார்ச் மாசத்துல தெக்கத்திக் காத்து வெதுவெதுப்பான மேல்தண்ணியை வடக்குக் கரைக்குத் தள்ளும். வடக்குக் கரைக்குத்தான் வெயிலும் நல்லா விழும், வாடைக் குளிரும் தாக்காது. இந்த மாசம் முதல்ல போய்ப் பார்க்க வேண்டியது வடக்குக் கரை.

நேரம்: "விடியக்காலைல போ"ன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அது ஜூன், ஜூலைக்கு. மார்ச்சுல ராத்திரி குளிர்ல தண்ணி ஆறிக் கிடக்கும். மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல, ரெண்டு மூணு நாள் தொடர்ந்து வெயில் அடிச்சப்புறம் போங்க.

இப்ப சாமான். பெயிட்காஸ்டரை அலமாரியில வைங்க. அது நல்ல கருவிதான், ஆனா ஒன்பது வயசுப் பையன் அதுல தொடங்கக் கூடாது. ஆறரை அடி மீடியம் ஸ்பின்னிங் ராட், 2500 அளவு ரீல், 8 பவுண்டு நரம்பு. அஞ்சு அங்குல பிளாஸ்டிக் புழு, சென்கோ மாதிரி நேர் குச்சியா இருக்கிறது. அதோட நடு வயித்துல முள்ளைக் குத்துங்க, ஈயமே வேண்டாம். இதுக்கு வாக்கி ரிக்னு பேரு. புழு சீக்கிரம் கிழியும், அதனால ஒரு சின்ன ரப்பர் வளையத்தை நடுவுல மாட்டி அதுக்குள்ள முள்ளை விட்டா ஒரே புழு பத்து மீன் தாங்கும்.

வீசுங்க. வீசிட்டு ஒண்ணும் பண்ணாதீங்க. இதுதான் கஷ்டம். நரம்பு கொஞ்சம் தொய்வா இருக்கட்டும். புழு ரெண்டு முனையும் நடுங்கிக்கிட்டே மெதுவா இறங்கும். பாதிக்கு மேல கடி அந்த இறக்கத்துலதான். கையில எதுவும் தெரியாது, கண்ணு நரம்பு மேலயே இருக்கணும். நரம்பு ஓரமா நகர்ந்தாலோ, சட்டுனு ஒரு துடிப்பு துடிச்சாலோ, இறங்க வேண்டிய நேரத்துக்கு முன்னாடியே நின்னுட்டாலோ, அது மீன். தொய்வை இழுத்துக்கிட்டு ராடை நிதானமா வாரி இழுக்கணும். தரையைத் தொட்டும் கடி இல்லைன்னா ராடை ரெண்டடி தூக்கி மறுபடியும் இறக்குங்க. அப்படி ரெண்டு தரம், அப்புறம் சுத்தி எடுத்து வேற இடத்துல வீசுங்க.

நிறம் பத்தி மண்டையைக் குழப்பிக்காதீங்க. தெளிஞ்ச தண்ணிக்குப் பச்சைப் பூசணி நிறம், கலங்கல் தண்ணிக்குக் கறுப்பு-நீலம். ரெண்டு பாக்கெட் போதும்.

கடைசியா, லூயிஸ்வில் மாதிரி பெரிய ஏரியைக் கொஞ்ச நாள் விட்டுடுங்க. நாலஞ்சு ஏக்கர்ல ஒரு குடியிருப்புக் குட்டை பாருங்க. மீன் ஒளிய இடம் கொஞ்சம்தான் இருக்கும், எல்லா இடத்தையும் ஒரு மத்தியானத்துல நடந்தே வீசிப் பார்த்துடலாம். முதல் வீச்சு கரைக்குப் பத்தடி பின்னால நின்னு, கரையை ஒட்டியே. நிறைய பேர் தண்ணி ஓரத்துல போய் நின்னுக்கிட்டு நடுக்குளத்துக்கு வீசுவாங்க. மீன் அவங்க கால் பக்கத்துலயே நின்னிருக்கும்.


நெய்தல் | மார்ச் 10

ஏரிக்கரை அண்ணா சொன்னதோடு குழந்தைகள் விஷயமாகச் சில. நான் ஆஸ்டினில் இருக்கிறேன், இரண்டு பெண்கள், எட்டும் பதினொன்றும்.

டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மீன்பிடி உரிமம் வேண்டாம். ஆனால் நீங்கள் கையில் ராடைப் பிடித்தால் உங்களுக்கு வேண்டும். ஸ்டேட் பார்க் எல்லைக்குள் கரையில் நின்று பிடித்தால் பெரியவர்களுக்கும் உரிமம் தேவையில்லை. நிறைய பேருக்கு இது தெரியாது. எங்கள் முதல் வருடம் முழுக்க இங்க்ஸ் லேக் ஸ்டேட் பார்க்கில்தான் போனது. சில பார்க்குகளில் ராடும் தூண்டில் சாமான் பெட்டியும் இரவலாகவே தருவார்கள், அலுவலகத்தில் கேளுங்கள். ஜூன் முதல் சனிக்கிழமை மாநிலம் முழுக்க இலவச மீன்பிடி நாள்.

உரிமம் வாங்கும்போது இன்னொன்று. வழக்கமான உரிமம் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31 உடன் முடிந்துவிடும். ஜூலையில் போய் வாங்கிவிட்டு வருத்தப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குழந்தையோடு போகும்போது பாஸை மட்டுமே நம்பிப் போகாதீர்கள். ஒரு சின்னத் தக்கை, 8 அல்லது 10 எண் குட்டி முள், கால் அங்குல மண்புழுத் துண்டு. கரையோரம் புளூகில் என்ற சின்ன மீன் கடித்துக்கொண்டே இருக்கும். உங்கள் கண்மாய் வித்தையேதான் அது! அவன் முதலில் ஒரு மீனின் இழுப்பைக் கையில் உணரட்டும். என் சின்னவள் இருபது புளூகில் பிடித்த பிறகுதான் பாஸுக்குக் காத்திருக்கும் பொறுமை வந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நிற்க வைக்காதீர்கள், கடித்துக்கொண்டிருந்தாலும் சரி.

முள்ளின் கொக்கியை, அதாவது அந்தப் பின்முள்ளை, குறடால் நசுக்கிவிடுங்கள். ஒருநாள் பெரியவளின் கட்டைவிரலில் ஏறிவிட்டது. நசுக்கியிருந்ததால் வந்த வழியே வழுக்கிக்கொண்டு வந்தது. இல்லையென்றால் அவசரச் சிகிச்சைக்கு ஓடியிருப்போம். எல்லோருக்கும் கண்ணாடி கட்டாயம். கரையில் உட்காருமுன் தீ எறும்புப் புற்று இருக்கிறதா என்று பாருங்கள். விழுந்த மரத்தைத் தாண்டும்போது மறுபக்கம் பார்க்காமல் கால் வைக்கவே வைக்காதீர்கள். தண்ணீர் ஓரத்தில் காட்டன்மவுத் என்ற விஷப் பாம்பு உண்டு, அது மற்ற பாம்புகள் போல் ஓடிவிடாது. இடி கேட்டால் உடனே ராடைக் கீழே போட்டுவிட்டுக் காருக்குள் போய்விட வேண்டும். கிராஃபைட் ராட் மின்சாரத்தைக் கடத்தும்.


வைகைக்கரையான் | மார்ச் 16

ரொம்ப நன்றி, இருவருக்கும். ஸ்பின்னிங் ராட் வாங்கினேன். வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு குட்டை, பொதுப் பூங்காவுக்குள்ளேயே. மகனைப் "புளூகில் பிடிக்கலாம் வா" என்று கூட்டிப்போனேன். பதினான்கு பிடித்தான். திரும்பி வரும்போது பேச்சு நிற்கவே இல்லை.

நான் வடக்குக் கரையில் புழுவை வீசிக்கொண்டே நடந்தேன். இரண்டு கடி! முதலாவதில் நரம்பு ஓரமாக நகர்ந்தது, நான் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன், சுண்டும்போது புழு மட்டும் வந்தது. இரண்டாவது நல்ல கனம். தண்ணீரை உடைத்துக்கொண்டு மேலே குதித்துத் தலையை உதறியது, பட்டென்று நரம்பு போய்விட்டது. எடுத்துப் பார்த்தால் நுனி சுருண்டிருக்கிறது.


ஏரிக்கரை | மார்ச் 16

நுனி சுருண்டிருந்தா நரம்பு அறுந்ததில்ல, முடிச்சு வழுக்கியிருக்கு. பாலோமார் முடிச்சு கத்துக்குங்க. நரம்பை ரெண்டா மடிச்சு முள்ளோட கண்ணுல விடணும். அந்த மடிப்பால ஒரு சாதா முடிச்சு, இறுக்காம. மடிப்பு வளையத்துக்குள்ள முள்ளை முழுசா நுழைச்சு எடுக்கணும். எச்சில் தொட்டு ஈரமாக்கிட்டு மெதுவா இறுக்கணும். காய்ஞ்ச நரம்பை இறுக்கினா உரசல் சூட்டுலயே பலம் போயிடும். ஒவ்வொரு மீனுக்கு அப்புறமும் கடைசி ஒரு அடி நரம்பை விரல் நுனியில தடவிப் பாருங்க. சொரசொரன்னு இருந்தா வெட்டிட்டு மறுபடி கட்டணும். பாஸோட வாயில பல்லு உப்புத்தாள் மாதிரிதான், ஆனா நரம்பைத் தேய்க்க அது போதும்.

மீன் குதிக்கப் போகுதுன்னா நரம்பு மேல நோக்கி எழும்பும். அப்ப ராட் நுனியைக் கீழ தண்ணிப் பக்கம் தாழ்த்துங்க. குதிச்சு உதறும்போது தொய்வு விட்டா முள் கழண்டுடும்.

முதல் கடில தாமதிச்சதுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கு. வாக்கி புழுவை ரொம்ப நேரம் விட்டா மீன் விழுங்கிடும். நரம்பு நகர்ந்த உடனே வாரணும்.


இரணைமடு | மார்ச் 17

வணக்கம் அண்ணையள். நான் ரொறன்ரோவில இருந்து. இவ்வளவும் வாசிக்க எனக்குப் பொறாமையாக் கிடக்கு, எங்கட பக்கம் இன்னும் ஐஸ். இங்க பாஸுக்கு வசந்தகாலம் முழுக்க மூடின பருவம், ஜூன் பிற்பகுதி வரைக்கும் தொடவே ஏலாது. பிடிச்சு விடுறதெண்டாலும் பாஸை நோக்கித் தூண்டில் போடக்கூடாது. ஆண் மீன் கூட்டைக் காவல் காக்கிற காலம் எண்டபடியால்.

நான் சிம்கோ ஏரியில ஸ்மால்மவுத் பாஸுக்குப் போறனான். லார்ஜ்மவுத் மாதிரி பாசிக்குள்ள ஒளிக்கிறதில்லை, பாறையும் ஆழமும்தான் அதின்ர இடம். வித்தியாசம் தெரியாத ஆக்களுக்கு: வாயை மூடி வச்சுப் பாருங்கோ, மேல்தாடை கண்ணையும் தாண்டிப் பின்னால போனா லார்ஜ்மவுத், கண்ணுக்கு நேரையே முடிஞ்சா ஸ்மால்மவுத். அதே எடைக்கு ஸ்மால்மவுத் இரண்டு மடங்கு சண்டை பிடிக்கும், இதில நான் ஆரோடையும் விட்டுக்குடுக்க மாட்டன். ட்ராப் ஷொட் எண்டு ஈயத்தைக் கீழ கட்டி, முள்ளை அதுக்கு ஒரு அடி மேல கட்டி, சின்னப் பிளாஸ்டிக் மீன் ஒண்டு கோத்து இருபது முப்பது அடி ஆழத்தில ஆடாமல் அசையாமல் வச்சிருக்கிறது. ஆழத்தில இருந்து கெதியா இழுத்தா மீனின்ர காற்றுப்பை வீங்கிப் போகும், அதால நான் முப்பது அடிக்குக் கீழ போறதில்லை.


வைகைக்கரையான் | மார்ச் 24

இரணைமடு சொன்ன கூடு விஷயம்தான் இப்போது கேட்கவேண்டியிருக்கிறது. நேற்று குட்டையில், இரண்டடித் தண்ணீரில், தட்டு மாதிரி வட்ட வட்டமாக வெளுத்த இடங்கள். போலரைஸ்டு கண்ணாடியில் பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது. ஒன்றின் மேல் ஒரு பாஸ் அசையாமல் நிற்கிறது. மகன் "அப்பா, அது மேலயே போடுங்க" என்றான். போடலாமா?


ஏரிக்கரை | மார்ச் 24

டெக்சாஸ்ல சட்டப்படி தடையில்ல, இங்க வருஷம் முழுக்க திறந்த பருவம். தண்ணி 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினா ஆண் மீன் வாலால தரையைத் துடைச்சுக் கூடு போடும். பெண் வந்து முட்டை விட்டுட்டுப் போயிடும். அப்புறம் காவல் முழுக்க ஆண்தான். பட்டினியோட நிக்கும். நீங்க புழுவைக் கூட்டுல போட்டா அது பசியில கடிக்காது, முட்டைக்கு ஆபத்துன்னு வாயால தூக்கி வெளிய போட வரும். அதைத் தூக்கிட்டீங்கன்னா உங்க பையன் பிடிச்ச அதே புளூகில்கள் ரெண்டு நிமிஷத்துல கூட்டுல இறங்கிடும்.

நம்ம ஊர்ல விரால் குஞ்சுக் கூட்டம் செவப்பா உருண்டையா மிதக்கும்போது கீழ தாயும் தகப்பனும் நிக்கும், அதுல தூண்டில் போடக் கூடாதுன்னு என் தாத்தா திட்டுவார். எனக்கு அந்தத் திட்டுதான் இங்கயும். நான் கூட்டுல போடறதில்ல. கூட்டுக்கு வெளிய, ஆழம் தொடங்குற ஓரத்துல வீசுங்க. இன்னும் முட்டை விடாத பெரிய பெண் மீன் அங்கதான் காத்துக்கிட்டு நிக்கும். பாஸ்ல பெரியதெல்லாம் பெண்தான்.

தெரியாம கூட்டுல இருந்த ஆணையே பிடிச்சுட்டா உடனே அதே இடத்துல விடுங்க. நேரா கூட்டுக்குத் திரும்பிப் போகும்.


மண்சட்டி | மார்ச் 25

இழையை முதலிலிருந்து படித்தேன். எல்லோரும் பிடிப்பது பற்றியும் விடுவது பற்றியும் மட்டும் பேசுகிறீர்கள். எனக்கு இது ஒப்பவில்லை, மனதில் இருப்பதைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் மீன் பிடித்தால் குழம்பு. தின்பதற்காக ஓர் உயிரைப் பிடிப்பது எனக்குப் புரிகிறது. தின்னாத மீனின் வாயில் முள்ளைக் குத்தி, இழுத்து, படம் எடுத்து, திரும்ப விட்டுவிட்டு அதை அன்பு என்று சொல்வது புரியவில்லை. 1932ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற விவசாயி 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸ் பிடித்தார், பத்துக் கிலோவுக்கும் மேல். இன்று வரை அதுதான் உலக சாதனை. அவர் அதை எடை போட்டுவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார், குடும்பமே சாப்பிட்டது. பஞ்ச காலம். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.


நெய்தல் | மார்ச் 25

நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி, மண்சட்டி. நானும் முதல் வருடம் இதை நினைத்துத் தூங்காமல் இருந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு முடிவுக்கு வந்தோம்: ஒரு நாளைக்கு எத்தனை பிடிக்கலாம் என்று நாங்களே எல்லை வைத்துக்கொள்கிறோம். பத்துக்கு மேல் போனால் நிறுத்திவிடுவோம், விடுவதானாலும் சரி.


ஏரிக்கரை | மார்ச் 25

தின்னக் கூடாதுன்னு நான் சொல்லலை. டெக்சாஸ்ல பெரும்பாலான தண்ணியில 14 அங்குலத்துக்கு மேல இருந்தா ஒரு நாளைக்கு அஞ்சு எடுத்துக்கலாம். ஆனா ஒவ்வொரு தண்ணிக்கும் ஒரு கணக்கு இருக்கு, அதைப் பார்க்கணும்.

டல்லாஸுக்குக் கிழக்கே ஒண்ணரை மணி நேரத்துல லேக் ஃபோர்க். 27,000 ஏக்கர். 1992 ஜனவரியில மாநில சாதனை மீன் அங்கதான், 18.18 பவுண்டு. அங்க 16 அங்குலத்துலேர்ந்து 24 அங்குலம் வரைக்கும் உள்ளதை எடுக்கவே கூடாது. அதுக்குக் கீழ எடுக்கலாம், 24க்கு மேல ஒண்ணு எடுக்கலாம். நடுவுல இருக்கிற மீன்தான் நாளைக்குப் பெரிய மீன், அதனாலதான் அந்த விதி. மாநில மீன்துறை 1986லேர்ந்து 13 பவுண்டுக்கு மேல உள்ள உயிர் மீனை இரவல் வாங்கி, குஞ்சு பொரிக்க வெச்சு, அந்தக் குஞ்சுகளை ஏரிகள்ல விடுறாங்க. அந்தத் திட்டத்தோட முதல் மீனும் ஃபோர்க்ல பிடிச்சதுதான், 17.67 பவுண்டு. பிடிச்சவர் அன்னிக்கு சமைச்சிருந்தா அது நடந்திருக்காது.

இன்னொரு பக்கமும் இருக்கு. தனியார் குட்டையில 10, 11 அங்குல பாஸ் மட்டும் நெருக்கடியா இருந்தா தீனி பத்தாம எதுவுமே வளராது. அங்க சின்னதை எடுத்துச் சாப்பிடறதுதான் குட்டைக்கு நல்லது, உரிமையாளர் சம்மதிச்சா போதும். ஜப்பான்ல இன்னும் வேற மாதிரி. பெர்ரியோட சாதனைக்குச் சமமா 2009ல மனாபு குரிதான்னு ஒருத்தர் பிவா ஏரியில பிடிச்சார். அந்த ஏரிக்கு பாஸ் வெளியிலேர்ந்து வந்த மீன், உள்ளூர் மீனையெல்லாம் தின்னு தீர்க்குது. அதனால அங்க பிடிச்ச பாஸைத் திரும்பத் தண்ணியில விடறதுக்குத்தான் தடை. அப்ப விடறதா எடுக்கறதாங்கிறதை ஏரிதான் சொல்லணும்.

குழம்புக்குன்னா என் யோசனை வேற மீன். பாஸ் மத்த மீனைத் தின்னு வளருது, வயசான பெரிய மீன்ல பாதரசம் சேரும். கேடோ ஏரி மாதிரி சில இடங்களுக்கு அரசாங்க எச்சரிக்கையே இருக்கு. நகரப் பூங்காக் குட்டைகள் சிலதுல கோடைக்காலத்துல சேனல் கேட்ஃபிஷ் கொண்டுவந்து விடுறாங்க, பிடிச்சுக் கொண்டுபோறதுக்குன்னே. நம்ம கெளுத்தி ஜாதி. புளி கரைச்சு ஊத்தினா உங்க மண்சட்டி ஒத்துக்கும்.


மண்சட்டி | மார்ச் 26

கேட்ஃபிஷ் தகவலுக்கு நன்றி, போய்ப் பார்க்கிறேன். விளையாட்டுக்காகப் பிடிப்பது பற்றி என் மனம் மாறவில்லை. ஆனால் விடுவதானால் மீன் உண்மையிலேயே பிழைக்கிற மாதிரி விடுங்கள். பாதிப் பேர் புல்லில் போட்டுப் புரட்டிவிட்டு விடுவதை நானே பார்த்திருக்கிறேன்.


ஏரிக்கரை | மார்ச் 26

இதுல நூத்துக்கு நூறு உங்க பக்கம். வைகை தம்பி, நீங்களும் கேட்டுக்குங்க.

கையை முதல்ல நனைங்க. காய்ஞ்ச கையும் புல்லும் மணலும் மீன் மேல இருக்கிற வழவழப்பை எடுத்துடும், அப்புறம் பூஞ்சை பிடிக்கும். கட்டைவிரலைக் கீழ்த்தாடையில வெச்சு நேரா செங்குத்தாத் தூக்கணும். படத்துக்காகக் கிடைமட்டமாப் பிடிக்கணும்னா இன்னொரு கையை வயித்துக்குக் கீழ கொடுக்கணும். தாடையில மட்டும் தொங்கவிட்டுச் சாய்ச்சா, கனமான மீனுக்குத் தாடை மூட்டு விட்டுடும், அப்புறம் அதால தின்ன முடியாது. மீனைத் தூக்கும்போது நீங்களும் மூச்சைப் பிடிச்சுக்குங்க. உங்களுக்கு முட்டும்போது அதுக்கும் முட்டும், தண்ணியில விட்டுடுங்க. ஆகஸ்ட்ல தண்ணி 85 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினப்புறம் படமே வேண்டாம். குறடு கழுத்துல தொங்கட்டும், பைக்குள்ள தேடற நேரமும் மீனோட நேரம்தான்.


செங்கண்மாய் | மார்ச் 30

தமிழ்நாட்டிலிருந்து ஒரு கேள்வி. இங்கே நாங்கள் ரப்பர் தவளையை வைத்து விரால் பிடிக்கிறோம். அது பாஸுக்காகச் செய்த தவளைதான் என்று கடையில் சொன்னார்கள். பத்தில் ஆறு கடி தவறிப்போகிறது. அங்கேயும் அப்படித்தானா?


ஏரிக்கரை | மார்ச் 30

இங்கயும் தவறும். சத்தம் கேட்ட உடனே பதறி இழுக்கிறதுதான் காரணம். மீன் தவளையைத் தண்ணியோட சேர்த்து உறிஞ்சி, திரும்பிக் கீழ போகணும், அப்பதான் முள் வாயோட மூலையில விழும். பாஸுக்கு நான் ராடைத் தாழ்த்தி, தொய்வை எடுத்து, கனம் தெரிஞ்சப்புறம் பலமா வாருவேன். நீங்க விராலுக்கு இன்னும் ஒரு நொடி கூட்டிப் பாருங்க. நரம்பு பின்னல் நரம்பா இருக்கணும், 50 பவுண்டு, ராட் விறைப்பா. தவளையோட ரெண்டு முள்ளும் உடம்போட ரொம்ப ஒட்டி இருந்தா குறடால ஒரு நூல் அளவு வெளிய வளைச்சு விடுங்க. கால் ஒண்ணை அரை அங்குலம் வெட்டிட்டா தவளை இடமும் வலமுமா நடக்கும்.

வாக்கி புழுவுக்கு உடனே வாரணும், தவளைக்குக் காத்திருக்கணும். இந்த ரெண்டையும் மாத்திப் போட்டுக்காதீங்க.


வைகைக்கரையான் | ஏப்ரல் 6

கிடைத்துவிட்டது!

எனக்கு இல்லை, மகனுக்கு. வெள்ளி வரை மூன்று நாள் நல்ல வெயில், தென்காற்று. இன்று மூன்றரை மணிக்குப் போனோம். குட்டையின் வடகிழக்கு மூலையில் ஒரு மரம் தண்ணீருக்குள் சாய்ந்து கிடக்கிறது. கூடுகளை விட்டுத் தள்ளி, பத்தடி பின்னால் நின்று கரையை ஒட்டி வீசச் சொன்னேன். முதல் வீச்சு கிளையில் மாட்டியது, அறுத்துக் கட்டினோம். அவனே பாலோமார் போட்டான். இரண்டாவது, மரத்தின் நுனிக்கு ஓரடி இப்பால் விழுந்தது. அவன் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தான். ஏழு வரை வந்தவன், "அப்பா, நரம்பு நடக்குது" என்றான். நான் வாயைத் திறக்குமுன் வாரிவிட்டான்.

இரண்டு முறை குதித்தது. இரண்டு முறையும் ராடைத் தண்ணீரில் குத்துகிற மாதிரி தாழ்த்தினான். அளந்தேன், பதினைந்தரை அங்குலம். கீழ்த்தாடையில் முள், ஓரத்தில் அழகாக ஏறியிருந்தது. ஒரே ஒரு படம், கையை நனைத்துக்கொண்டு. விடும்போது அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான், நான் சொல்லவே இல்லை, இழையை அவனுக்கு வாசித்துக் காட்டியதோடு சரி.

அதற்குப் பிறகு எனக்கும் இரண்டு. இரண்டும் பன்னிரண்டு அங்குலத்துக்குள்.

அவன் ஒரு கேள்வி கேட்கச் சொன்னான்: அடுத்த வாரமும் அதே மரத்தடியில் அதே மீன் இருக்குமா?


ஏரிக்கரை | ஏப்ரல் 6

தம்பிக்கு என் வாழ்த்து. "நரம்பு நடக்குது"ன்னு சொன்னான் பாருங்க, அது கண்ணுல பட ஆரம்பிச்சிடுச்சுன்னா அவனுக்கு இனி நான் சொல்ல ஒண்ணுமில்ல.

அந்த மரம் இருக்கிற வரைக்கும் அங்க ஒரு மீன் இருக்கும்னு சொல்லுங்க. இதே மீனா இருக்கலாம், இதை விரட்டிட்டு இன்னொண்ணு வந்து நிக்கலாம். ஆனா அதே புழுவை வாராவாரம் பார்த்தா பழகிடும். அடுத்த வாரம் அந்த மரத்துக்குக் கறுப்பு-நீலத்தைக் கொடுங்க, இல்ல ரெண்டு வாரம் மரத்தை ஓய்வா விடுங்க. மே மாசம் வந்தா நேரத்தை மாத்தணும், விடியக்காலை ஆறு மணி. பையன் எழுந்திருப்பானா?


வைகைக்கரையான் | ஏப்ரல் 7

எழுந்திருப்பான் அண்ணே. மரத்தை இரண்டு வாரம் விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டான். நாளை மாலை தெற்குக் கரையில் அந்தப் பழைய மதகுப் பக்கம் பார்க்கப் போகிறோம்.